பி.டி. சாரின் புத்தாண்டுப் பட்டியல்

டிசம்பர் 19

நோட்டின் முதல் பக்கத்தில் 'வாசிப்புப் பதிவேடு' என்று எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருக்கிறேன். கோடு நேராக வந்திருக்கிறது. இதுவரை எல்லாம் நன்றாகப் போகிறது.

எழுதுபவர் ச. பொன்மாடசாமி, உடற்கல்வி ஆசிரியர், கூடுதல் பொறுப்பு நூலகம். கூடுதல் பொறுப்பு வந்து ஆறு வருடமாகிறது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வதால் எனக்கு நிறைய ஓய்வு இருக்கிறது என்று பள்ளியில் ஒரு நம்பிக்கை. அந்த ஓய்வை நிரப்ப நூலகச் சாவியைக் கொடுத்தார்கள். பந்துகளைப் போலவே புத்தகங்களையும் கையாள்கிறேன். எத்தனை வெளியே போனது, எத்தனை உள்ளே வந்தது, கிழிசல் உண்டா. உள்ளே என்ன இருக்கிறது என்று பந்தையும் பிரித்துப் பார்த்ததில்லை, புத்தகத்தையும் பிரித்துப் பார்த்ததில்லை.

இன்று ஸ்டாஃப் மீட்டிங். தலைமையாசிரியை ஜெயசெல்வி மேடம் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைங்க புது வருஷத்த நல்ல புத்தகத்தோட ஆரம்பிக்கணும் சார். ஆறாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் பத்துப் புத்தகம் சொல்லுங்க. ஜனவரி ரெண்டாம் தேதி அசெம்பிளில நீங்களே பேசணும். லீவுல எல்லாத்தையும் படிச்சு ஒரு நோட்டுல எழுதி வைங்க. நான் பாப்பேன்."

கணக்கு வாத்தியார் சண்முகராஜ் சும்மா இருப்பாரா? "வாயில விசில் வச்சுக்கிட்டே படிச்சிருவாரு மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கடைசியாக முழுதாகப் படித்த புத்தகம் கோகோ ஆட்ட விதிமுறைகள். அதில் கதை கொஞ்சம் குறைவு.

டிசம்பர் 20

நூலக அலமாரி விளையாட்டு அறையில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் குண்டும் ஈட்டியும், மறுபக்கம் இலக்கியம். எல்லாப் புத்தகத்திலும் சுண்ணாம்புத் தூள். ஒல்லியாக இருந்த ஐந்தை எடுத்தேன். தேர்வுக் குழு என்று வேறு யாரும் இல்லாததால் எதிர்ப்பு வரவில்லை.

வீட்டில் கோமதி, "என்ன, பழைய பேப்பருக்குப் போடவா?" என்று கேட்டாள். கோமதி என் மனைவி, தபால் ஆபீசில் கவுண்டரில் இருக்கிறாள். ஒரு வரியில் முத்திரை குத்துவது தொழிலோடு வந்த பழக்கம்.

எங்கள் மகள் சிந்துஜா எட்டாம் வகுப்பு, என் பள்ளியிலேயே. கேட்டுக்கு உள்ளே நான் சார், வெளியே அப்பா என்று அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றே விதி போட்டேன். ஒரு மாதமாக வெளியேயும் சார் என்றே கூப்பிடுகிறாள். "சார், சாப்பாடு ரெடி." "சார், உங்க செருப்பு வழியில கிடக்கு." ஒழுக்கம் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். தேர்வு நேரம் வேறு. மேடம் பார்க்கப்போகும் நோட்டில் இதற்கு மேல் குடும்ப விஷயம் வேண்டாம்.

டிசம்பர் 22

புத்தகம் 1: 'நாளை முதல் நீ வேறு ஆள்'. பதின்வயதினருக்கான வழிகாட்டி. அட்டையில் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு மோவாயில் கை வைத்திருக்கிறார். பல்வலியாக இருக்கலாம்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுபவர்கள் உலகை ஆள்கிறார்களாம். நான் பதினெட்டு வருடமாக நாலரைக்கு எழுகிறேன். அதனால் எனக்கு ஆளக் கிடைத்தது பால்காரரின் அறிமுகம் மட்டும்தான். ஒருவேளை அந்த அரை மணி நேரத்தில்தான் விஷயம் இருக்கிறதோ என்னவோ.

பக்கம் 40இல், கண்ணாடி முன் நின்று 'நான் ஒரு சிங்கம்' என்று இருபத்தொரு முறை சொல்லச் சொல்கிறார்கள். படித்ததாக எழுதுவதற்கு முன் செய்து பார்ப்பதுதான் நேர்மை என்று நின்றேன். ஒன்பதாவது முறையில் கோமதி எட்டிப் பார்த்தாள்.

"சிங்கம், கேஸ் தீந்துருச்சு. சிலிண்டருக்குப் பதிஞ்சிருங்க."

டிசம்பர் 23

பக்கம் 61. தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 24

புத்தகம் 2: 'தோல்வியே, ஓடிப்போ!' முதல் பக்கத்திலேயே 'தோற்றவன் காரணம் தேடுவான், வென்றவன் வழி தேடுவான்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப் போகிறவன் நான். நூறு மீட்டரில் எட்டுப் பேர் ஓடினால் ஏழு பேர் தோற்றுத்தான் ஆக வேண்டும். அந்த ஏழு பேரையும் திட்டுவதற்கு ஒரு புத்தகமா? மூடிவிட்டேன்.

இப்படியே போனால் பட்டியல் நடக்காது. நூலகத்தில் எந்தப் புத்தகத்தின் இரவல் அட்டையைப் பார்த்தாலும் எடுத்தவர் பெயரில் சிந்துஜா இருக்கிறாள். போய்க் கேட்டேன்.

"சிந்து, ஒரு உதவி."

"சொல்லுங்க சார்."

"நல்ல புத்தகமா நீ பத்து எடுத்துக் குடுக்கியா? நான் படிக்க."

ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படம் போட்டதா, போடாததா சார்?"

"ரெண்டும் கலந்து."

"சரி சார்."

கோமதி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே சிரித்தது கேட்டது.

டிசம்பர் 25

காலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு புத்தகம், மேலே துண்டுச்சீட்டு. 'சார், இது ஆறாம் வகுப்புக்கு. முதலில் இதைப் படிக்கவும்.' கையெழுத்து அலுவலகக் கடிதம் போல இருந்தது. கீழே 'தங்கள் உண்மையுள்ள' என்று மட்டும் இல்லை.

புத்தகம் 'நத்தைக்கு அவசரம்'. முப்பத்திரண்டு பக்கம், பாதிக்கு மேல் படம். ஒரு நத்தை தன் தோழியின் பிறந்தநாளுக்குக் கிளம்புகிறது, போய்ச் சேரும்போது அடுத்த வருடப் பிறந்தநாள் வந்துவிடுகிறது. தோழியும் நத்தைதான், அவள் இன்னும் கேக்கையே வெட்டி முடிக்கவில்லை. நான் முழுதாகப் படித்து முடித்தேன்! எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்தபோது அவரிடமும் சொன்னேன். "சந்தோஷம் தம்பி" என்றார், கொஞ்சம் குழப்பமாக.

டிசம்பர் 26

இன்றைய சீட்டு: 'சார், இது ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு.' புத்தகம் 'மொட்டைமாடிக் குடியரசு'. ஒரு குடியிருப்பின் ஐந்து பிள்ளைகள் மொட்டைமாடியைத் தனி நாடாக அறிவித்துவிடுகிறார்கள். துணி காயப்போட வரும் பெரியவர்களுக்கு விசா வேண்டும். ஓர் அப்பா ஈரப் போர்வையோடு படிக்கட்டில் அரை மணி நேரம் நிற்கிறார், 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். என் சத்தம் மைதானத்துச் சத்தம், மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

நிமிர்ந்தால் சிந்துஜா வாசல்படியில் நிற்கிறாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் பார்த்ததும் கதவைச் சாத்துவது போல அதைச் சாத்திக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்?"

"எழுபது."

"தொண்ணூறு இன்னும் நல்லா இருக்கும்."

அதில் சார் இல்லை. மறந்திருப்பாள். மதியம் சாப்பிடும்போது ஞாபகம் வந்து மூன்று சார் சேர்த்துப் போட்டாள்.

டிசம்பர் 27

இன்றைய புத்தகம் 'அரை நிமிட நிறுத்தம்'. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு. கோபத்தோடு எழுதுகிறேன்.

மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். ரயில் அங்கே அரை நிமிடம் நிற்கும். ஸ்டேஷன் மாஸ்டர் தங்கமான மனிதர். கீரைக்கூடைக்காரி ஓடி வந்தால் கொடியைத் தாமதமாகக் காட்டுவார், கல்யாணக் கோஷ்டி வந்தால் இன்னும் தாமதம். அவருடைய மகன் டவுனில் ஒரு பரீட்சைக்குப் போக வேண்டும். சைக்கிள் பஞ்சராகி, கடைசி வளைவில் ஓடி வருகிறான். அப்பா பார்க்கிறார். பிளாட்பாரத்தில் பத்துப் பேர் அவரையே பார்க்கிறார்கள். 'மகனுக்காக ரயிலை நிறுத்தினான்' என்று நாளைக்கு ஊர் பேசுமே என்று சரியாக முப்பதாவது நொடியில் பச்சைக்கொடியைக் காட்டிவிடுகிறார். ரயில் போய்விடுகிறது. வீட்டில், 'நீ ஓடி வந்ததை நான் பார்க்கவே இல்லை' என்கிறார்.

இவன் என்ன மனிதன்? ஊரான் வீட்டுக் கீரைக்கூடைக்கு இருந்த மனசு பெற்ற பிள்ளைக்கு இல்லையா? அதற்கு மேல் பொய் வேறு! பையன் முட்டாளா? அப்பா தன்னைப் பார்த்ததை அவனும் பார்த்தான்தானே? இப்படிப்பட்ட ஆட்களை வேலையில் வைத்திருந்தால் ரயில்வே உருப்படுமா?

மாலை வரை கோபம் ஆறவில்லை. சிந்துஜா டியூஷனிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"அந்த ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கான்ல, அவன நாலு ரவுண்டு ஓட விடணும்."

"ஆமா சார்" என்றாள். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

டிசம்பர் 28

காலையில் காபி குடிக்கும்போது கோமதியிடம் கதையை முழுதாகச் சொன்னேன். கொடி காட்டும் இடத்தில் எழுந்து நின்று காட்டினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அது சிரிக்கிற இடமே இல்லை.

"எதுக்குச் சிரிக்க?"

"ஒண்ணுமில்ல. புத்தகத்த யாரு எடுத்துக் குடுத்தா?"

"சிந்துதான்."

"அவளே எடுத்துக் குடுத்தாளா?" என்று இன்னும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பொன்மாடசாமி சார், ஒங்களுக்கு எல்லாம் லேட்டாத்தான் கேக்கும். துப்பாக்கி வெடிச்ச பொறவும் கோட்டுலயே நிக்கிற ஆளு."

போய்விட்டாள். காபி ஆறிவிட்டது.

பத்து மணிக்குக் கடைக்குப் போய் வேறு ஒரு நோட்டு வாங்கி, அதிலும் 'வாசிப்புப் பதிவேடு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மேடத்துக்கு அது. இது என்னிடமே இருக்கட்டும்.

டிசம்பர் 29

இன்று படிக்கவில்லை. பள்ளிக்குப் போய் விளையாட்டு அறையைத் துடைத்தேன். போன வாரம்தான் துடைத்திருந்தேன்.

டிசம்பர் 30

எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. மாவட்டப் போட்டிக்குப் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் தொடர் ஓட்டத்துக்கு ஆள் எடுத்தேன். நான்கு பேர் வேண்டும். மூன்று பேர் ஏற்கெனவே உறுதி. நான்காவது இடத்துக்கு சிந்துஜாவும் காளீஸ்வரியும். காளீஸ்வரி எட்டாம் வகுப்பு 'பி', முயற்சி உள்ள பிள்ளை. இருவரையும் நூறு மீட்டர் ஓடவிட்டேன்.

அதற்கு முந்தின நாள் ஸ்டாஃப் ரூமில் சண்முகராஜ் என்னைப் பார்த்துக் கேட்டார். "என்ன சார், இந்த வருஷம் எடுக்கிறது ரிலே டீமா, ரேஷன் கார்டா? வீட்டு ஆளுக பேரா சேத்துக்கிட்டே போறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அதை அப்போதே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. இரவு முழுக்க அது என் காதிலேயே இருந்தது.

ஸ்டாப்வாட்ச்சில் காளீஸ்வரி 14.9. சிந்துஜா 14.2.

சிந்துஜா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். "என் டைம் என்ன சார்?" என்று கேட்டாள். சுற்றி முப்பது பிள்ளைகள் நின்றார்கள். சண்முகராஜ் வராந்தாவில் நின்றார். நான் வாட்ச்சில் இருந்த நேரத்தை அழித்துவிட்டு, "பதினஞ்சு தாண்டிருச்சு. இன்னும் உழைக்கணும்" என்றேன்.

அவள் காளீஸ்வரிக்குப் பதினைந்தடி முன்னால் வந்து கோட்டைத் தாண்டியவள். அவளுக்குக் கண் இருக்கிறது. என்னைப் பார்த்தாள். பிறகு "சரி சார்" என்றாள். அன்று வீட்டுக்கு வந்தும் சார். அன்றிலிருந்து சார்.

பதிவேட்டில் காளீஸ்வரியின் பெயருக்கு நேராக 14.9 என்று எழுதினேன். சிந்துஜாவுக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. பொய்யை எழுத்தில் போட மட்டும் கை வரவில்லை, அதையே நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 5 மாவட்டப் போட்டியில் நம் பிள்ளைகள் மூன்றாவது இடம். வெண்கலம். சிந்துஜா அன்று வயிற்றுவலி என்று படுத்திருந்தாள். கோமதி ஆபீசுக்குப் போகாமல் கூட இருந்தாள்.

டிசம்பர் 31

விளையாட்டுப் போட்டிகளில் வயதைக் கணக்குப் பார்ப்பது டிசம்பர் 31 தேதியை வைத்து. சிந்துஜாவுக்கு மார்ச்சில் பதினான்கு முடிகிறது. அடுத்த போட்டியில் அவள் பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவில் பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு நிற்க வேண்டும். அவர்கள் இவளைவிட ஒரு தலை உயரம். அவள் ஜெயித்திருக்கக்கூடிய கடைசி வருடம் இதுதான். இன்றோடு அது முடிகிறது. எந்தப் புத்தாண்டு நன்றாக ஆரம்பித்தாலும் அதை நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

மாலை அவள் அறைக்குப் போனேன். ஏழு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன். அவள் ஷூவைக் கழுவி ஜன்னலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகத் தொடாத ஷூ.

"சிந்து..."

"சொல்லுங்க சார்."

"இங்க வெளிச்சம் பத்துதா? படிக்கிறதுக்கு?"

"பத்துது சார்."

"நல்லது."

திரும்பி வந்துவிட்டேன். கோமதி கோலப்பொடி டப்பாவோடு எதிரே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் "நின்ன எடத்துலயேதான் நிக்கிறீங்களா?" என்றாள்.

ஜனவரி 1

வாசலில் கோமதியின் கோலம் தெருவின் பாதியை அடைத்துவிட்டது. பைக்கை எடுக்க அரை மணி நேரம் பக்கவாட்டில் வழி தேடினேன்.

சிந்துஜாவின் சீட்டோடு வந்த மற்ற மூன்று புத்தகங்களையும் இரவோடு இரவாகப் படித்து முடித்திருந்தேன். மேடம் போன் செய்தார். வாழ்த்துச் சொல்லிவிட்டு, பட்டியலில் வெற்றி, தன்னம்பிக்கை என்று ரெண்டு புத்தகமாவது இருக்கட்டும் சார் என்றார். "மேடம், நான் படிச்சு முடிச்சது ஆறுதான். அதுல வெற்றி பெறுறது நத்தை மட்டும்தான்" என்றேன். "ஆறே போதும் சார், படிச்சதே பெரிசு" என்றார். நல்ல மனுஷி.

நாளைக்கு என்ன பேசுவது என்று தெரிந்துவிட்டது. பொய்யை முப்பது பேர் முன்னால் சொன்னேன். உண்மையை அறுநூறு பேர் முன்னால் சொல்லிவிடலாம். கோமதியிடம் சொல்லவில்லை. அவள் ஏதாவது சொல்லித் தடுத்துவிடுவாள்.

ஜனவரி 2

கோமதி தடுத்திருப்பாள். தடுத்திருக்க வேண்டும்.

அசெம்பிளி நன்றாகத்தான் தொடங்கியது. மைக் இல்லாமலே பேசினேன், எனக்கு எதற்கு மைக். நத்தைக்குச் சிரித்தார்கள். மொட்டைமாடி விசாவுக்கு ஆறாம் வகுப்பு வரிசையே கலைந்துவிட்டது. பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் கதையைச் சொன்னேன். கொடி காட்டினான் என்றதும் கலைந்த வரிசை தானாக நேராகிவிட்டது.

"அந்த ஸ்டேஷன் மாஸ்டர நாலு ரவுண்டு ஓட விடணும்னு நெனச்சேன்" என்றேன். "அவன் வேற யாரும் இல்ல, நான்தான். நவம்பர் மாசம் ரிலேக்கு ஆள் எடுத்தேன்ல? அன்னிக்கு வேகமா வந்தது சிந்துஜா. பதினாலு புள்ளி ரெண்டு. எம் பொண்ணுங்கிறதால நாலு பேரு பேசுவாங்கன்னு பயந்து, அவ மெதுவா வந்ததா பொய் சொன்னேன். சார் செஞ்சது தப்பு."

சொல்லிவிட்டு எட்டாம் வகுப்பு வரிசையைப் பார்த்தேன். சிந்துஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பக்கத்து வரிசையை நான் பார்க்கவில்லை. சண்முகராஜ் அருகில் வந்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நாலரைக்கு சிந்துஜா வீட்டுக்கு வந்தாள். பையைச் சோபாவில் எறிந்தாள்.

"ஒங்கள யாரு அத அங்க சொல்லச் சொன்னா?"

நான் எழுந்து நின்றேன். ஏன் என்று தெரியவில்லை.

"எங்கிட்ட சொல்லணும்! எங்கிட்டதான பொய் சொன்னீங்க? ஒரு மாசமா இதே வீட்டுலதான இருக்கேன்? ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க, எங்கிட்ட வெளிச்சம் பத்துதான்னு கேப்பீங்க!"

"இல்ல சிந்து..."

"காளீஸ்வரி என்ன பண்ணா தெரியுமா? ஒங்களுக்கு அவ ஞாபகமே வரலல்ல? அறுநூறு பேரும் அவளத்தான் திரும்பிப் பாத்தாங்க. பாத்ரூம்ல போய் அழுதா. கிளாசுக்கே வரல. இவதான் மெதுவா ஓடுனவன்னு ஆறாங்கிளாஸ் வாண்டெல்லாம் சொல்லுது!"

காளீஸ்வரியின் பெயரை நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த நான்கு பேரையும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளைக்குச் செய்ததை நேராக்கப் போய் இன்னொரு பிள்ளையை இழுத்து நடுவில் நிறுத்தியிருக்கிறேன். மறுபடியும் ஊர் முன்னால் நல்லவனாக நிற்கத்தான் பார்த்திருக்கிறேன்.

கால் மணி நேரம் திட்டினாள். ஆபீசிலிருந்து வந்த கோமதி வாசலிலேயே நின்று முழுதையும் கேட்டாள். திட்டில் ஓரிடத்தில்கூட சார் இல்லை. சாரை யாரும் இப்படித் திட்ட முடியாது என்று மட்டும் எனக்குள் ஓடியது.

"நான் தப்புப் பண்ணிட்டேன் சிந்து" என்றேன். "ஒனக்கும் பண்ணிட்டேன். அந்தப் புள்ளைக்கும் பண்ணிட்டேன். மன்னிச்சிரு."

மூக்கை உறிஞ்சினாள். "பைக் சாவிய எடுங்க."

காளீஸ்வரி வீடு ரயில்வே கேட்டைத் தாண்டி. வழி முழுக்கச் சிந்துஜா பின்னால் உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டே வந்தாள். "உள்ள போய் லெக்சர் குடுக்காதீங்க. கதையெல்லாம் சொல்லாதீங்க. கையத் தூக்கிப் பேசாதீங்க." சரி, சரி என்று வந்தேன்.

காளீஸ்வரியின் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க சார், வாங்க" என்று பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். காளீஸ்வரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே போனவள் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து என் முன்னால் நின்றாள். கவருக்குள் வெண்கலப் பதக்கம், நாடாவை அழகாகச் சுருட்டி வைத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போகத்தான வந்தீங்க சார்?" என்றாள். "இது சிந்துவோடதுதான."

இரண்டு கையாலும் நீட்டினாள், பரிசளிப்பு விழாவில் வாங்குவதற்கு நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. பதினெட்டு வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னிடம் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததில்லை. கண் கலங்கிவிட்டது, மறைக்கக்கூட வழி இல்லை.

சிந்துஜாதான் முதலில் பேசினாள். "ஏ லூசு, உள்ள வை அத. நாலாவதா வந்துக்கிட்டு இருந்த டீம மூணாவதுக்குக் கொண்டாந்தது யாரு? நீதான? கடைசி இருபது மீட்டர்ல அந்த மஞ்ச டிரஸ் புள்ளைய முந்துனது நானா?"

"ஒனக்கெப்படித் தெரியும்? நீ வரவே இல்லையே."

"வீடியோ பாத்தேன்."

"எத்தன தடவ?"

சிந்துஜா கவரின் வாயை மடித்துவிட்டாள். காளீஸ்வரி கவரை மெல்லக் கீழே இறக்கினாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். "இது ஒம் மெடல் காளீஸ்வரி. நீ ஓடி வாங்குனது. தப்பு நான் சொன்ன பொய்யில இருக்கு, ஒன் ஓட்டத்துல இல்ல. இன்னிக்கு ஒன்ன எல்லாரும் பாக்கும்படி பண்ணதுக்கும் நான்தான் காரணம். சார மன்னிச்சிரும்மா." அவள் அம்மா "ஐயோ சார், என்ன சார்" என்றார். காளீஸ்வரி, "திங்கக்கிழம அசெம்பிளில மறுபடி எதும் பேசப் போறீங்களா சார்?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அப்போதுதான் இருவரும் சிரித்தார்கள். டீ வந்தது. நான் குடித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் இரண்டும் பின்வாசல் படியில் உட்கார்ந்து, அந்த மஞ்சள் உடைப் பிள்ளையைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். பதினேழு வயதுப் பிரிவில் இருவரும் சேர்ந்து அவளை எப்படித் தோற்கடிப்பது என்பது போல எனக்குக் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

"கெளம்புவோமா சிந்து?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க போங்கப்பா. நான் அப்புறமா வாரேன்."

போகச் சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டு வண்டியை எடுத்த ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.